காலிமனையும் கட்டிய மனையும்: நகரப் பரவலைத் தடுக்க வரி துணை செய்யுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

வரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது மனித இயல்பு. அரசின் பணப்பெட்டியை நிரப்புவதற்காக நம் மடியிலிருந்து எடுக்கப்படும் பணம் என்ற அளவிலேயே பலரும் வரியை எண்ணுகிறோம். ஆனால் வரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது மக்களின் நடத்தையை மாற்றுகிறது.

இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டில் ஜன்னல் வரி விதிக்கப்பட்டது. வீட்டில் ஜன்னல்கள் கூடினால் வரியும் கூடும். மக்கள் என்ன செய்தார்கள்? இருந்த ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். புதிய வீடுகளைக் குறைந்த ஜன்னல்களோடு கட்டினார்கள். காற்றும் வெளிச்சமும் போயின, நோய் வந்தது. 1851-இல்தான் அந்த வரி நீங்கியது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது: எதன்மீது வரி விழுகிறதோ, அது குறையும்.

அப்படியானால் வீட்டின்மீது விழும் வரி வீட்டைக் குறைக்குமா? நிலத்தின்மீது விழும் வரி நிலத்தைக் குறைக்குமா? நிலம் குறையாது, ஏனெனில் அதை யாரும் உற்பத்தி செய்யவில்லை. இந்தச் சிறிய வேறுபாட்டிலிருந்து பிறந்த ஒரு பெரிய கருத்தையும், அதனைக் கொண்டு நகரங்கள் கட்டுக்கடங்காமல் பரவுவதைத் தடுக்க முடியுமா என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

நகரம் ஏன் பரவுகிறது?

மக்கள்தொகை பெருகுவதால் நகரம் பெருகுகிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். இத்தனை பேருக்கும் இடம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நகரத்தின் உள்ளே இடம் இருக்கும்போதே வெளியே இடம் தேடி ஓடுவது ஏன் என்பதே நம் வினா.

எந்த நகரத்தின் விளிம்பிற்குச் சென்றாலும் ஒரே காட்சிதான். வண்ணம் அடித்த கற்கள் நடப்பட்ட மனைப்பிரிவுகள். நுழைவாயிலில் ஒரு வளைவு. அதில் ஏதோ ஒரு நகரின் பெயர். உள்ளே நூறு மனைகள் இருந்தால் இருபதில் வீடு இருக்கும்; எஞ்சியவற்றில் சீமைக் கருவேலம் இருக்கும். அவற்றை வாங்கியவர்கள் வீடு கட்டுவதற்காக வாங்கவில்லை. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் வீடு கட்ட வேண்டியவரோ அந்த விலை கட்டுப்படியாகாமல் அதையும் தாண்டி அடுத்த கிராமத்து வயலில் மனை வாங்குகிறார். தவளை தாவுவதைப் போல நகரம் தாவித் தாவிச் செல்கிறது.

இதனால் ஏற்படும் இழப்பை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. 40 அடி அகலம், 60 அடி நீளம் என்று கொள்வோம். ஒரு தெருவின் இரு புறமும் இடைவெளியின்றி 100 வீடுகள் இருந்தால் தெருவின் நீளம் 2000 அடி. நான்கு மனைக்கு ஒன்றில்தான் வீடு இருக்கிறது என்றால் அதே 100 வீடுகளுக்கு 8000 அடி நீளத் தெரு வேண்டும். தார்ச்சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பம், தெருவிளக்கு ஆகிய அனைத்தும் நான்கு மடங்கு. பேருந்து நான்கு மடங்கு தொலைவு ஓடினால்தான் அதே எண்ணிக்கையில் ஆட்களை ஏற்ற முடியும். ஆகவே பேருந்தே வராது. காலிமனையின் செலவை அதன் உரிமையாளர் கொடுப்பதில்லை. ஊர் முழுவதும் கூடிக் கொடுக்கிறது.

பணச்செலவு மட்டுமா? ஏரி, குளம், வாய்க்கால், சதுப்பு நிலம் ஆகியவை நகரம் பரவும் வழியில் முதற்பலியாகின்றன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் பரந்து கிடந்தது. அதன் பெரும்பகுதி கட்டடங்களாலும் சாலைகளாலும் குப்பை மேட்டாலும் விழுங்கப்பட்டபின், எஞ்சியதில் சுமார் 1247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தென்சென்னையின் பல குடியிருப்புகள் நீரில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது என்பதே உண்மை.

வரியின் இரு முகங்கள்

சொத்து வரி என்று நாம் சொல்வது ஒரே வரியன்று; இரண்டு வரிகளின் கூட்டு. ஒன்று நிலத்தின் மதிப்பின்மீது விழுவது. மற்றொன்று அந்நிலத்தின்மேல் எழுப்பப்பட்ட கட்டடத்தின்மீது விழுவது. இவ்விரண்டும் தன்மையில் நேர் எதிரானவை.

கட்டடம் மனித உழைப்பால் வந்தது. நிலத்தின் மதிப்போ உரிமையாளரின் உழைப்பால் வந்ததன்று. அருகில் சாலை போடப்பட்டது, பள்ளி வந்தது, பேருந்து நிலையம் வந்தது, மக்கள் குடியேறினர். அதனால் மதிப்பு ஏறியது. உரிமையாளர் வெளியூரில் உறங்கிக்கொண்டிருந்தாலும் அவருடைய நிலத்தின் மதிப்பு ஏறும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு மனைகள். ஒவ்வொன்றின் மதிப்பும் 20 லட்சம் ரூபாய். முதலாமவர் மனையைக் காலியாகப் போட்டிருக்கிறார். இரண்டாமவர் கடன் வாங்கி 30 லட்ச ரூபாயில் வீடு கட்டியிருக்கிறார். நிலத்திற்கும் கட்டடத்திற்கும் ஒரே விகிதமாக 1 சதவீதம் வரி என்று வைத்துக்கொள்வோம். காலிமனைக்காரர் ஆண்டுக்கு 20,000 ரூபாய் செலுத்துவார். வீட்டுக்காரர் 50,000 ரூபாய் செலுத்துவார். நகராட்சிக்கு மொத்தம் 70,000 ரூபாய்.

இப்போது நகராட்சியின் வருவாயை மாற்றாமல் விகிதத்தை மட்டும் மாற்றுவோம். கட்டடத்திற்கு 0.4 சதவீதம், நிலத்திற்கு 1.45 சதவீதம். காலிமனைக்காரர் 29,000 ரூபாய் செலுத்துவார். வீட்டுக்காரர் நிலத்திற்கு 29,000, கட்டடத்திற்கு 12,000, ஆக 41,000 ரூபாய் செலுத்துவார். மொத்தம் அதே 70,000 ரூபாய்தான். ஆனால் காலியாகப் போட்டவருக்கு 9,000 ரூபாய் கூடியது. கட்டியவருக்கு 9,000 ரூபாய் குறைந்தது. கட்டடத்தின்மீது வரியையே நீக்கி நிலத்திற்கு 1.75 சதவீதம் விதித்தால் இருவரும் ஆளுக்கு 35,000 ரூபாய் செலுத்துவர். கட்டினாலும் அதே வரி, கட்டாவிட்டாலும் அதே வரி என்றால், கட்டுவதே மேல் என்று மனம் சொல்லும்.

மேலும் ஒன்று. வீட்டுக்காரர் 10 லட்ச ரூபாயில் மாடி எடுக்க நினைக்கிறார். ஒரே விகித வரியில் அவர் ஆண்டுதோறும் 10,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இரு விகித வரியில் 4,000 ரூபாய் மட்டுமே. நில வரி மட்டும் இருந்தால் ஒரு காசும் கூடாது. நகரம் பக்கவாட்டில் பரவாமல் மேல்நோக்கி வளர வேண்டுமென்றால் மாடி எடுப்பவரைத் தண்டிக்கலாகாது அன்றோ?

நில வரியால் வாடகை ஏறிவிடாதா என்று சிலர் கேட்பர். வரி கூடிவிட்டது என்பதற்காக நிலத்தின் அளவு குறைவதில்லை. ஆகவே குடியிருப்பவரிடம் கூடுதலாகக் கேட்கவும் வழியில்லை. மாறாக நிலத்தின் விலை குறையும். ஒரு நிலம் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் பயன் தரும் என்றும், வட்டி 5 சதவீதம் என்றும் கொண்டால், வரி இல்லாதபோது அதன் விலை 20 லட்சம். வரி 1 சதவீதமானால் ஒரு லட்சத்தை 6 சதவீதத்தால் வகுக்க வேண்டும். விலை ஏறத்தாழ 16.67 லட்சமாகிறது. வரி 3 சதவீதமானால் விலை 12.5 லட்சம். வீடு கட்ட மனை தேடும் ஏழைக்கு இது நன்மையே.

கருத்தின் வரலாறு

நிலத்தின் வாடகை ஏன் எழுகிறது என்பதை 1817-இல் தம் நூலில் தெளிவாக விளக்கியவர் டேவிட் ரிக்கார்டோ. அவருடைய நண்பரான ஜேம்ஸ் மில் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணியேற்று, இந்தியாவின் நிலவரி பற்றிய கடிதங்களை எழுதும் பொறுப்பில் இருந்தார். ரிக்கார்டோவின் கொள்கையை அவர் அங்கே கொண்டுசென்றார். நம் முன்னோர் செலுத்திய தீர்வைக்குப் பின்னாலும் இந்தப் பொருளாதாரக் கருத்து நின்றது என்பது எண்ணத் தக்கது. எனினும் உழவனிடம் கடுமையாகப் பிடுங்கப்பட்ட தீர்வை வேறு. நகரத்து மனையின் ஏறிய மதிப்பில் ஒரு பங்கு கேட்பது வேறு.

இக்கருத்தை மக்களிடம் கொண்டுசென்றவர் அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ். 1839-இல் பிலடெல்பியாவில் பிறந்த அவர் பதினான்கு வயதை எட்டுமுன்னரே பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். 1855-இல் பதினைந்து வயதுச் சிறுவனாகக் கப்பல் ஏறி மெல்போர்ன் வழியாகக் கல்கத்தா வரை வந்திருக்கிறார். பிறகு அச்சுக்கோப்பவராக வேலை செய்து, பத்திரிகையாளரானார். கலிபோர்னியாவில் ஒருநாள் குதிரையில் செல்லும்போது, இங்கே நிலம் என்ன விலை என்று வழியில் ஒருவரைக் கேட்டார். தொலைவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த இடத்தைக் காட்டி, ஏக்கர் ஆயிரம் டாலருக்குத் தருவார்கள் என்றார் அவர். மாடு மேயும் வெற்று நிலத்திற்கு ஆயிரம் டாலரா என்ற வியப்பிலிருந்து ஜார்ஜின் சிந்தனை பிறந்தது. 1879-இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை எழுதினார். உழைப்பின்மீதும் கட்டடத்தின்மீதும் வரியை நீக்கி, நிலத்தின் மதிப்பின்மீது மட்டும் வரி விதிக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1897-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்றபோதே காலமானார்.

சீனாவின் சன் யாட்-சென் இவருடைய கருத்தால் ஈர்க்கப்பட்டார். அதன் தொடர்ச்சியாகத் தைவானில் நில மதிப்பு வரி இன்றும் உள்ளது. சாதாரண நிலத்திற்கு 1 சதவீதம் முதல் 5.5 சதவீதம் வரை ஏறுமுக விகிதம். உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டு மனைக்கு 0.2 சதவீதம் மட்டுமே. எஸ்டோனியாவில் 1993 முதல் நிலத்திற்கு வரி உண்டு. அதன்மேல் நிற்கும் கட்டடத்திற்கு இல்லை.

பிட்ஸ்பர்க் நகரம் காட்டிய வழி

இக்கருத்தை நெடுங்காலம் நடைமுறையில் சோதித்துப் பார்த்த நகரம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பர்க். எஃகு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. 1913-இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதி அளித்தது. 1914-இல் கட்டட வரி நில வரியைவிடச் சிறிதளவு குறைக்கப்பட்டது. படிப்படியாகக் குறைத்து 1925-இல் பாதியாக்கினர். 1979-80-இல் நகராட்சிக்குப் பணம் தேவைப்பட்டபோது, ஊழியர்களின் ஊதியத்தின்மீது வரியைக் கூட்டுவதற்கு மாறாக நில வரியைக் கூட்டினர். நில வரி விகிதம் கட்டட வரி விகிதத்தைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேலாயிற்று.

விளைவு என்ன? வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1997-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். 1960 முதல் 1979 வரையிலான சராசரியோடு ஒப்பிட, 1980-களில் பிட்ஸ்பர்க்கில் அனுமதி பெற்ற கட்டடங்களின் மதிப்பு சுமார் 70 சதவீதம் உயர்ந்தது. அப்பகுதியில் அவர்கள் ஒப்பிட்ட வேறு 14 நகரங்களில் கொலம்பஸ் நீங்கலாக மற்றவற்றில் கட்டடப் பணி குறைந்தது. எஃகுத் தொழில் நலிந்துகொண்டிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் அவ்வறிஞர்கள் வரியே அனைத்தையும் செய்தது என்று கூறவில்லை. நகரின் மையத்தில் அலுவலக இடத்திற்கு ஏற்பட்ட தட்டுப்பாடே முதன்மைக் காரணம். கட்டடத்தின்மீது வரியைக் கூட்டாமல் நிலத்தின்மீது கூட்டியதால் அந்த எழுச்சி தடைப்படாமல் நடந்தது என்பதே அவர்கள் முடிவு. நல்ல ஆய்வாளர் தம் கருவிக்குரிய பெருமையை மட்டுமே அதற்குத் தருவார் என்பதை இங்கே கற்கிறோம்.

பிட்ஸ்பர்க்கின் கதை அங்கே முடியவில்லை. நிலத்தின் மதிப்பு நெடுங்காலம் ஒழுங்காகத் திருத்தப்படாமல் கிடந்தது. 2001-இல் கவுண்டி முழுவதும் ஒரே மூச்சில் மறுமதிப்பீடு செய்தபோது பலருடைய நில மதிப்பு திடீரென்று ஏறியது. வரிச்சீட்டைக் கண்ட மக்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டில் நகரம் இரு விகித முறையைக் கைவிட்டது. ஏறத்தாழ எண்பத்தேழு ஆண்டுகள் நின்ற முறை, மதிப்பீட்டில் காட்டிய சோம்பலால் வீழ்ந்தது.

அதே மாநிலத்தின் தலைநகரான ஹாரிஸ்பர்க் 1975 முதல் இம்முறையைக் கைக்கொண்டது. பாழடைந்து கிடந்த பல கட்டடங்கள் மீண்டும் பயனுக்கு வந்ததற்கு இவ்வரி துணை நின்றதாக அந்நகர மேயர் கூறிவந்தார். பின்னாளில் அந்நகரம் கடனில் மூழ்கியது. அதற்குக் காரணம் குப்பை எரிக்கும் ஆலைக்காக வாங்கிய பெருங்கடன். வரிமுறை நன்றாக இருந்தாலும் செலவு முறை கெட்டால் ஊர் கெடும். 2023-இல் டெட்ராய்ட் மேயரும் இத்தகைய வரியை முன்மொழிந்தார். ஆனால் மிச்சிகன் மாநிலச் சட்டமன்றத்தில் அது நிறைவேறவில்லை.

பரவலை உண்மையில் தடுக்குமா?

கட்டடம் பெருகியது சரி. நகரம் பரவுவது குறைந்ததா? இவ்வினாவை 2003-இல் ப்ரூக்னர், கிம் என்ற இருவர் கணித முறையில் ஆராய்ந்தனர். வழக்கமான சொத்து வரிக்கு இரண்டு எதிரெதிர் விளைவுகள் இருப்பதை அவர்கள் காட்டினர். கட்டடத்தின்மீது வரி விழுவதால் ஒவ்வொரு மனையிலும் குறைவாகக் கட்டுவர். அதனால் நகரம் பரவும். அதே சமயம் வரியால் குடியிருக்கும் செலவு கூடுவதால் மக்கள் சிறிய வீடுகளில் வாழ்வர். அதனால் நகரம் சுருங்கும். எது வெல்லும் என்பதைக் கோட்பாடு மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது.

ஆகவே நடந்ததை அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. 2010-இல் பான்சாஃப், லேவரி என்ற ஆய்வாளர்கள் பென்சில்வேனியாவில் இரு விகித வரியைக் கைக்கொண்ட ஊர்களையும் கைக்கொள்ளாத ஊர்களையும் ஒப்பிட்டனர். இரு விகித வரி உள்ள ஊர்களில் குடியிருப்புகளின் அடர்த்தி பத்தாண்டுக்கு 4 முதல் 5 சதவீதப் புள்ளி வரை கூடுதலாக வளர்ந்தது என்று கண்டனர். வீடுகள் பெரிதாகவில்லை, வீடுகளின் எண்ணிக்கையே கூடியது என்பதும் அவர்கள் கண்டது. நான்கு, ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நகரத்தின் தெருக்கள் நூறாண்டு நிற்பவை. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நாம் அறிவோம்.

நம் மாநிலத்தில்

தமிழகத்திற்கு நில வரி புதியதன்று. 1966-இல் நகர நில வரிச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. நகர நிலத்தின் சந்தை மதிப்பில் 0.4 சதவீதம் வரி என்று அது தொடங்கியது. மாநிலத்திற்கு அத்தகைய வரி விதிக்கும் அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1969-இல் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பாயிற்று. ஆகவே வழி அடைபட்டதில்லை. ஒருவர் இவ்வளவு நகர நிலத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற உச்சவரம்புச் சட்டமும் இங்கே இருந்து, 1999-இல் நீக்கப்பட்டது. உச்சவரம்பு கதவை இழுத்து அடைக்கும் முறை. வரி மெல்லத் தள்ளும் முறை.

நம் நகராட்சிகளில் கட்டடத்திற்கு அதன் பரப்பு, இருக்குமிடம் முதலியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் சொத்து வரியும், கட்டடம் இல்லாத மனைக்குச் சதுர அடிக் கணக்கில் காலிமனை வரியும் உண்டு. 2022 ஏப்ரலில் இவ்வரிகள் திருத்தப்பட்டன. சென்னையில் 2011-க்கு முன்பே மாநகராட்சியில் இருந்த பகுதிகளில் குடியிருப்பு வீடுகளுக்கான வரி, வீட்டின் பரப்பிற்கேற்ப 50 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் 25 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. காலிமனை வரி 100 சதவீதம் உயர்ந்தது.

இதை நகரப் பரவல் என்ற கண்ணாடி அணிந்து பார்த்தால் இரண்டு செய்திகள் தெரிகின்றன. சிறிய வீட்டைவிடக் காலிமனைக்கு உயர்வு மிகுதி என்பது நல்ல திசை. ஆனால் பெரிய கட்டடத்திற்கு உயர்வு மிகுதி, மையத்தில் உயர்வு மிகுதி, விளிம்பில் குறைவு என்பது நகரத்தை வெளியே தள்ளும் திசை. புதிதாக இணைந்த பகுதிகளில் வசதிகள் குறைவு. அதனால் வரியும் குறைவு என்பதில் நியாயம் உண்டு. எனினும் ஒரு நோக்கத்திற்கு நியாயமானது இன்னொரு நோக்கத்திற்கு எதிராக அமையலாம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராயிற்று. பெருநகரப் பகுதியை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-இல் ஆணை வந்தது. எல்லைக்கோடு விரியும் வேகத்தில் வரிச்சிந்தனையும் விரிய வேண்டும்.

இவ்விடத்தில் என் வீட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். என் தந்தை கொத்தனார். தாய் சித்தாள் வேலை செய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் கிராமம் நகரத்திலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எங்கள் ஊரைச் சுற்றிக் கற்கள் நடப்பட்ட மனைகள் எத்தனையோ. ஆனால் அவற்றில் என் தந்தைக்கு வேலை இல்லை. ஏனெனில் கட்டுவார் இல்லை. அக்கற்களைத் தாண்டித்தான் அவர் விடியற்காலையில் நகரத்திற்குப் போகிறார். இக்கட்டுரைக்காகப் படித்ததை அவரிடம் சொன்னபோது, "சும்மா கெடக்குற மனைக்கு வரி கம்மி, நாங்க கட்டி நிறுத்துனதுக்கு வரி அதிகம்னா, அந்த வரி எங்க கைவேலைக்குப் போட்டதுதானப்பா?" என்று கேட்டார். ஹென்றி ஜார்ஜ் ஒரு பெரிய நூலில் சொன்னதைக் கரண்டி பிடித்த கை ஒரு வரியில் சொல்லிவிட்டது.

எதிர்ப்புகளும் விடைகளும்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையாக ஆராய வேண்டும்.

முதலாவது, நகரின் நடுவில் பழைய ஓட்டு வீட்டில் தனியே வாழும் மூதாட்டியின் நிலை என்ன? நிலமோ கோடி பெறும். கையில் வருவாய் இல்லை. நில வரி அவரை வீட்டைவிட்டு விரட்டினால் அது அறமாகாது. இதற்கு விடைகள் உண்டு. தைவானைப்போல் தாமே குடியிருக்கும் மனைக்குக் குறைந்த விகிதம் வைக்கலாம். டென்மார்க்கில் ஓய்வூதியம் பெறும் முதியோர் வரியைக் கடனாக எழுதிவைத்து, வீடு விற்கப்படும்போது செலுத்த வழியுண்டு.

இரண்டாவது, விளிம்பில் உள்ள உழவர். அவர் நிலத்தைப் பயிர் விளையும் நிலமாக மதிப்பிடாமல் மனை விலைக்கு மதிப்பிட்டு வரி விதித்தால் அவர் விற்றுவிட்டுப் போவார். பரவலைத் தடுக்க வந்த வரியே பரவலை வளர்த்துவிடும். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1956-இலேயே பயிர் நிலத்தைப் பயிர் மதிப்பில் மட்டும் கணக்கிடச் சட்டம் செய்தது. ஆனால் இச்சலுகையைப் பெறுவதற்காக மனை வணிகர்கள் நாலு மாட்டைக் கட்டி வைத்து, விவசாயம் என்று சொல்வதும் அங்கே உண்டு. ஆகவே சலுகை பெற்ற நிலம் பின்னாளில் மனையாக மாறினால், விட்டுக்கொடுத்த வரியைச் சேர்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, மதிப்பீடு. நிலத்தின் மதிப்பைக் கட்டடத்திலிருந்து பிரித்து யார் சொல்வது? நம் மாநிலத்தில் பதிவுத்துறை தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. அதுவே தொடக்கப்புள்ளியாகலாம். ஆனால் 2012-இல் திருத்தப்பட்ட அம்மதிப்பு 2017-இல் ஒரேயடியாக 33 சதவீதம் குறைக்கப்பட்டது. பல ஆண்டுகள் அப்படியே விடுவதும், பிறகு திடீரென்று ஏற்றுவதும் இறக்குவதும் எத்தகைய தீமை தரும் என்பதைப் பிட்ஸ்பர்க் காட்டிவிட்டது. ஆண்டுதோறும் சிறிதளவு திருத்துவதே நன்று.

நான்காவது, வரி போதுமா? நிலத்தின் விலை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று நம்புபவர் 20 லட்ச ரூபாய் மனையில் 1,60,000 ரூபாய் எதிர்பார்க்கிறார். 29,000 ரூபாய் வரி அவரை அசைக்குமா? ஓரளவே அசைக்கும். ஆகவே வரி ஒன்றே மருந்தன்று. நீர்நிலைகளில் மனை போட அனுமதி மறுத்தல், நகரின் உள்ளே ஏழைகளுக்கு வீடு, ஒழுங்கான பேருந்து ஆகியவையும் உடன் வேண்டும். இன்னொன்று: நகரின் எல்லைக்கு உள்ளே மட்டும் வரியைக் கூட்டிவிட்டு எல்லைக்கு வெளியே விட்டுவைத்தால், மக்கள் கோட்டைத் தாண்டிச் செல்வர். நகரும் அதைச் சூழ்ந்த ஊராட்சிகளும் ஒரே திட்டத்தின்கீழ் வரவேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் மூன்று உண்மைகள் விளங்கும். நிலத்தின் மதிப்பு சமுதாயம் உண்டாக்கியது. ஆகவே அதில் ஒரு பங்கைச் சமுதாயம் கேட்பது முறையே. கட்டடம் உழைப்பு உண்டாக்கியது. ஆகவே அதன்மீது வரி இலேசாக இருத்தல் வேண்டும். இவ்வாறு மாற்றினால் நகரம் பரவுவது முற்றும் நிற்காது. ஆனால் குறையும் என்பதற்குச் சான்று உண்டு.

வயல் ஒருமுறை மனையானால் மீண்டும் வயலாவதில்லை. ஏரி ஒருமுறை தூர்ந்தால் மீண்டும் ஏரியாவது அரிது. காலிமனையோ அப்படியன்று; நாளை காலையில் வானம் தோண்டினால் அடுத்த ஆண்டு ஒரு குடும்பம் விளக்கேற்றும். இத்தகைய மனைகள் நம் நகரங்களின் நடுவில் ஆயிரக்கணக்கில் கிடக்கும்போது, பசுமையான வயலைத் தேடிச் சென்று அழிக்க வேண்டிய தேவை என்ன?

படித்து வெளியேறும் நம்முள் சிலர் நாளை நகராட்சி அலுவலகங்களில் எழுத்தராகவும் ஆணையராகவும் அமரக்கூடும். சிலர் மன்ற உறுப்பினராகவும் ஆகலாம். அன்று வரித்தாள் ஒன்று நம் கையொப்பத்திற்கு வரும்போது, அந்த வரி யார்மீது விழுகிறது, காலியாகப் போட்டவர்மீதா, கட்டியவர்மீதா என்ற ஒரு வினாவை மட்டும் கேட்போமாக.